நடைக்கணக்கு: மூளைக்குள் திசையும் இடமும்



மூளையைப் பற்றிப் பேசத்தான் அழைத்தீர்கள். ஆனால் தேரிக்காட்டிலிருந்து தொடங்கினால்தான் எனக்குப் பேச்சு வரும். தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மணல், பனை, மறுபடியும் மணல். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் வித்தியாசம் சொல்ல அங்கேயே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும். என் பெரியப்பா அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், பக்கத்து ஊர் அம்மன் கொடை பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பினார். அரை மணி நேர நடை. வீடு வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது. ஒரே மொட்டைப் பனையடிக்கு இரண்டு முறை வந்து நின்றாராம். மூன்றாம் முறை அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆச்சி அலட்டிக்கொள்ளவில்லை. "திகைப்பூண்டை மிதிச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

திகைப்பூண்டு அகராதியில் உள்ள சொல்தான். மிதித்தவனைத் திசை மறந்து சுற்றவைக்கும் செடி என்று பொருள். அந்தச் செடியை எனக்கு இதுவரை யாரும் காட்டியதில்லை. ஆனால் ஊர் சொன்ன நோய்க்குறி துல்லியமானது. ஜெர்மனியின் டியூபிங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் யான் சௌமன் என்பவரும் அவர் குழுவினரும் 2009-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆட்களை ஒரு காட்டுக்குள்ளும் சஹாரா பாலைவனத்திலும் இறக்கிவிட்டு, "நேராக நடங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் போன தடத்தை ஜிபிஎஸ் கருவி பதிந்தது. சூரியன் தெரிந்தவரை நேராக நடந்தார்கள். மேகம் மூடிய நாளில் காட்டில் நடந்தவர்கள் தங்கள் பழைய தடத்தையே குறுக்கே வெட்டிக் கடந்தார்கள், அது தெரியாமலே. பாலைவனத்தில் இரவில் நடந்த ஒருவர், நிலா மறையும்வரை சரியாகப் போனார். நிலா மேகத்துக்குள் போனதும் வளைந்து வளைந்து வந்த திசைக்கே திரும்பிவிட்டார். கண்ணைக் கட்டிவிட்டால், 20 மீட்டர் விட்டத்துக்குள்ளேயே வட்டமடித்தவர்களும் உண்டு. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, அதனால்தான் வட்டம் என்று பழைய விளக்கம் ஒன்று இருந்தது. அது நிற்கவில்லை. ஒரே ஆள் ஒரு நேரம் இடப்பக்கம் வளைகிறார், இன்னொரு நேரம் வலப்பக்கம். 'நேர்' என்று மூளை நினைத்துக்கொண்டிருக்கும் திசையே கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன விளக்கம்.

வழுக்குகிறது என்றால், எது வழுக்குகிறது? மண்டைக்குள் எதன்மேல் எது சறுக்குகிறது? இந்தக் கேள்விக்குக் காகிதமும் பென்சிலும் வைத்திருந்தவர்கள் முதலில் பதில் எழுதினார்கள். நுண்ணோக்கி வைத்திருந்தவர்கள் இருபது ஆண்டு கழித்து அதைக் கண்ணால் பார்த்தார்கள். உயிரியலில் இப்படி நடப்பது அரிது. அதைத்தான் இன்று விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஓர் எறும்பு. துனிசியாவின் உப்புச் சமவெளியில் வாழும் கேட்டாகிளிஃபிஸ் என்ற பாலைவன எறும்பு. தரை கொதிக்கும் நண்பகலில், மற்ற உயிர்கள் ஒடுங்கிக் கிடக்கும்போது, இது வெயிலில் செத்த பூச்சிகளைப் பொறுக்க வளையைவிட்டு வெளியே வரும். வளைந்து நெளிந்து எங்கெங்கோ அலையும். பூச்சி கிடைத்ததும் வந்த வழியைத் தேடாது. வளை இருக்கும் இடத்துக்கு ஒரே நேர்கோட்டில் ஓடும். சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகத்து ரூடிகர் வேனர் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த எறும்புக்குக் கொடுத்தவர். திரும்பி ஓடத் தொடங்கும் எறும்பைப் பிடித்துச் சில மீட்டர் தள்ளிவிட்டால், அது வளையைத் தவறவிடும். எவ்வளவு தள்ளிவிட்டோமோ அதே அளவு தள்ளிப் போய் நிற்கும். ஆக, அதற்கு வளை தெரிந்திருக்கவில்லை. ஒரு திசையும் ஒரு தொலைவும் மட்டுமே தெரிந்திருந்தன. ஒவ்வொரு அடிக்கும் எந்தப் பக்கம், எவ்வளவு என்று கூட்டிக் கழித்து, வீடு எங்கே என்ற ஒற்றை இருப்புத்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறது. இதை நான் நடைக்கணக்கு என்று சொல்வேன்.

தொலைவை எப்படி அளக்கிறது? 2006-இல் மத்தியாஸ் விட்லிங்கர், வேனர், ஹாரால்ட் வோல்ஃப் மூவரும் எறும்புக்குப் பொய்க்கால் கட்டினார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பன்றி மயிரை வெட்டி ஆறு கால்களிலும் ஒட்டினார்கள். இன்னொரு கூட்டத்துக்குக் கால்நுனியைக் கத்தரித்தார்கள். எல்லா எறும்பும் வளையிலிருந்து 10 மீட்டர் தன் சொந்தக் காலில் நடந்து போனவை. திரும்பும்போதுதான் கால் மாறியது. பொய்க்கால் எறும்பு சுமார் 15 மீட்டர் ஓடிவிட்டு, வளையைக் காணோமே என்று தேடியது. குட்டைக்கால் எறும்பு ஏறக்குறைய 6 மீட்டரிலேயே நின்று தேடியது. அடுத்த நாள், மாறிய காலோடு போகவும் வரவும் விட்டபோது இரண்டு வகையும் சரியான இடத்தில் நின்றன. எறும்பு அடியை எண்ணுகிறது என்பதற்கு இதைவிட அழகான நிரூபணம் எனக்குத் தெரியவில்லை.

இனி வரலாற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். பல இடங்களில் எழுதப்பட்டதுதான். எலிக்கு மண்டைக்குள் வரைபடம் இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் எட்வர்ட் டோல்மன் 1948-இல் வாதாடினார். 1971-இல் லண்டனில் ஜான் ஓகீஃபும் ஜோனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் எலி மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குள் மெல்லிய மின்கம்பியை இறக்கி, அறையின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு எலி வரும்போது மட்டும் துடிக்கும் செல்களைக் கண்டார்கள். அவை இடச்செல்கள். 1984-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேம்ஸ் ராங்க், எலி எங்கே நின்றாலும் சரி, தலை ஒரு குறிப்பிட்ட பக்கம் பார்த்தால் மட்டும் துடிக்கும் செல்களைக் கண்டார். அவை திசைச்செல்கள். 2005-இல் நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்மில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இணையரின் ஆய்வுக்கூடம் மூன்றாவது வகையைக் கண்டது. அதைப் பிறகு சொல்கிறேன். ஓகீஃபுக்கும் மோசர் இணையருக்கும் 2014-இல் நோபல் பரிசு.

பரிசு இடச்செல்லுக்கும் மோசர்களின் செல்லுக்கும் போனது. என் மனம் திசைச்செல்லிடம்தான் நிற்கிறது. காரணம், அது எளியது. எளியதில்தான் இயந்திரம் தெரியும்.

திசைச்செல் காந்த ஊசி அல்ல. பூமியின் வடக்கைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சோதனை அறையின் சுவரில் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டிவைத்து, எலி இல்லாத நேரத்தில் அதைக் கால்வட்டம் நகர்த்திவிட்டால், செல்லின் 'வடக்கும்' கால்வட்டம் நகர்ந்துவிடும். எல்லாச் செல்களும் ஒரே அளவு, ஒன்றாக நகரும். விளக்கை அணைத்த பிறகும், ஏற்கெனவே கணித்த திசையைத் தலையின் திருப்பத்தைக் கூட்டிக் கழித்துக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருக்கும். பிறகு மெல்ல வழுக்கும். சுரங்கப்பாதைக்குள் இறங்கி மறுமுனையில் ஏறும்போது, தெருவே தலைகீழாகத் திரும்பி நிற்பதுபோல் உணர்ந்திருப்பீர்கள். உங்கள் திசைச்செல்கள் மொத்தமாகத் தப்பான அட்டையைப் பிடித்துக்கொண்ட நேரம் அது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் இடைச்செருகல். எங்கள் வீட்டில் யாரும் 'இடப்பக்கம் தள்ளி உட்கார்' என்று சொன்னதில்லை. "கெழக்கால தள்ளி உக்காரு" என்பார்கள். சோற்றுப் பானை அடுப்புக்கு மேற்கே இருக்கும். உப்பு வடக்கு மாடத்தில். மொழிக்கும் இடவுணர்வுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த எரிக் பெடர்சன் 1990-களில் தமிழ்நாட்டில் இதே வேறுபாட்டைக் கண்டு எழுதியிருக்கிறார். கிராமத்தார் பேச்சில் திக்கு, நகரத்தார் பேச்சில் இடம் வலம். மேசைமேல் சில பொம்மைகளை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளைப் பின்பக்கம் திருப்பி, அதேபோல இன்னொரு மேசையில் வைக்கச் சொன்னால், திக்கு வைத்துப் பேசிப் பழகியவர்கள் திக்கு மாறாமல் வைக்கும் போக்கு உடையவர்கள். இடம் வலம் பேசுபவர்களின் வரிசை அவர்களோடு சேர்ந்து திரும்பிவிடும். கிழக்கால என்று நாள் முழுக்கச் சொல்லும் ஒருவர் நாள் முழுக்கத் திசைக்கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆச்சியின் தலைக்குள் அந்தக் கணக்கு ஓயாமல் ஓடியிருக்கிறது.

சரி, கணக்கு எப்படி ஓடுகிறது? 1995-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஸ்காக்ஸ், ஜேம்ஸ் நீரிம், ஹேமந்த் குத்ரிமோதி, புரூஸ் மெக்நாட்டன் ஆகியோர் ஒரு படம் வரைந்தார்கள். அடுத்த ஆண்டு கெச்சென் ஜாங் அதற்குச் சமன்பாடு எழுதினார். படத்தை இந்த மண்டபத்திலேயே நடித்துக்காட்டலாம். 36 மாணவர்கள் வட்டமாக உட்காருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு திசை. பக்கத்திலிருப்பவருக்குப் பத்து டிகிரி தள்ளிய திசை. விதி இரண்டுதான். நீங்கள் கைதட்டினால் இருபுறமும் அருகில் இருப்பவர்களை உசுப்பிவிட வேண்டும். தொலைவில், எதிரில் இருப்பவர்களை அடக்க வேண்டும். தொடக்கத்தில் ஆளாளுக்குத் தட்டுவார்கள். சில நொடிகளில் வட்டத்தின் ஏதோ ஓரிடத்தில் நாலைந்து பேர் மட்டும் தட்டிக்கொண்டிருப்பார்கள், மற்ற எல்லோரும் அடங்கியிருப்பார்கள். அந்தக் கைதட்டல் மேடுதான் திசை. யாரும் வெளியிலிருந்து சொல்லாமலே அது தன்னைத் தானே தாங்கிக்கொண்டு நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு மேடுதான் இருக்க முடியும், ஏனென்றால் இரண்டாவது மேடு முளைத்தால் முதல் மேடு அதை அடக்கும், அல்லது அதனிடம் அடங்கும்.

மேட்டை நகர்த்துவது எப்படி? இங்கேதான் கெட்டிக்காரத்தனம். வட்டத்துக்கு வெளியே இன்னும் இரண்டு வட்டம். ஒன்றில் இருப்பவர்கள், உள்வட்டத்தில் தங்களுக்கு நேர் எதிரே இருப்பவரை உசுப்பாமல் அவருக்கு வலப்பக்கம் இருப்பவரை உசுப்புவார்கள். இன்னொன்றில் இருப்பவர்கள் இடப்பக்கம் இருப்பவரை. தலை வலப்பக்கம் திரும்பும் செய்தி காதிலுள்ள சமநிலை உறுப்பிலிருந்து வந்ததும், வலவட்டத்துக்குத் தெம்பு ஏறும்; மேடு வலப்பக்கம் தள்ளப்படும். தலை நின்றால் மேடு நிற்கும். வேகமாகத் திரும்பினால் வேகமாக நகரும். கூட்டல் கழித்தல் எல்லாம் இவ்வளவுதான். எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. மேடு இருக்கும் இடமே விடை.

படத்தை வரைந்தவர்கள் ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்வார்கள்: வட்டம் என்பது யார் யாரோடு இணைந்திருக்கிறார் என்பதில்தான் இருக்கிறது, மூளைக்குள் போய் வட்டத்தைத் தேடாதீர்கள். எலியின் தலையில் இந்தச் செல்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறிக் கிடக்கின்றன. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு செல் எதிரெதிர்த் திசைகளைக் காட்டும். நியாயமான எச்சரிக்கைதான்.

ஆனால் ஈயின் மூளையில் நிஜமாகவே ஒரு வளையம் இருந்தது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜனேலியா ஆராய்ச்சி வளாகம். ஜோஹன்னஸ் சீலிக், விவேக் ஜெயராமன் இருவரும் பழ ஈயை வைத்து வேலை செய்தார்கள். நம் வீட்டு வாழைப்பழத்தில் மொய்க்கிறதே, அந்த வகைதான். ஈயின் தலையை அசையாமல் ஒட்டி, ஓட்டில் சிறு சன்னல் திறந்து, நுண்ணோக்கிக்கு அடியில் நிறுத்தினார்கள். காலுக்கு அடியில் காற்றில் மிதக்கும் ஒரு சிறு உருண்டை. ஈ நடந்தால் உருண்டை சுழலும். ஈ ஓர் அடியும் நகராது. துடிக்கும் செல் ஒளிரும்படி மரபணுவில் மாற்றம் செய்திருந்தார்கள். மூளையின் நடுவே நீள்வட்டமாக, வளையல்போல ஒரு பகுதி. திரையில் பார்த்தால் அந்த வளையலில் ஓரிடம் மட்டும் ஒளிர்கிறது. ஈ வலப்பக்கம் திரும்ப, ஒளி வளையலைச் சுற்றி ஓடுகிறது. விளக்கை அணைத்தார்கள். கும்மிருட்டிலும் ஒளிமேடு அணையவில்லை. ஈ திரும்பத் திரும்ப அதுவும் திரும்பியது, மெல்ல மெல்லப் பிழை சேர்த்துக்கொண்டே. ஈ நின்றபோது மேடும் அங்கேயே நின்று காத்திருந்தது. 2015-இல் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் படங்களைப் பார்த்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இருபது ஆண்டுக்கு முன்பு ஒருவர் காகிதத்தில் போட்ட வட்டம் உயிரோடு சுழன்றுகொண்டிருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. ஒரே அடையாளத்தைப் பார்க்கும் இரண்டு ஈக்களில் மேடு ஒரே இடத்தில் இல்லை. ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குப் பக்கவாட்டில். ஈக்குள்ளும் வடக்கு என்று ஒன்று எழுதிவைக்கப்படவில்லை.

பார்த்ததோடு விடவில்லை என்பதுதான் முக்கியம். வளைய மாதிரி ஒரு பந்தயம் கட்டியிருந்தது: இரண்டு மேடு இருக்க முடியாது. 2017-இல் அதே கூடம் அந்தப் பந்தயத்தைச் சோதித்தது. வளையலின் எதிர்ப்பக்கத்தில் ஒளி பாய்ச்சிச் செயற்கையாகச் செல்களைத் தூண்டினார்கள். புது மேடு எழுந்தது, பழைய மேடு மறைந்தது. அதே ஆண்டில் இரண்டு வெவ்வேறு குழுக்கள், மேட்டை வலப்பக்கமும் இடப்பக்கமும் தள்ளும் செல் கூட்டங்களையும் அடையாளம் கண்டன. ஸ்காக்ஸ் வரைந்த இரண்டு வெளிவட்டங்கள் அவை. சரக்கு எல்லாம் பட்டியலில் இருந்தபடியே வந்து இறங்கியது.

கணினி மாதிரி என்றதும், 'உண்மையைப் போலவே ஒன்றைக் கணினியில் ஓட்டிக்காட்டுவது' என்று பலர் நினைக்கிறார்கள். அது எளிது, அதனால் மலிவு. போதுமான திருகாணிகளை வைத்தால் எந்த வளைகோட்டையும் ஒத்துப்போகச் செய்யலாம். எது நடந்தால் நான் தோற்றேன் என்று முன்கூட்டியே சொல்லும் மாதிரிக்குத்தான் என் மரியாதை. ஓகீஃப் இருந்த லண்டன் குழு 2000-இல், சுவரிலிருந்து இத்தனை தொலைவு, இந்தத் திசை என்று துடிக்கும் செல்கள் இருந்தால்தான் இடச்செல்லின் நடத்தை விளங்கும் என்று மாதிரி போட்டது. அப்படிப்பட்ட செல்லை அப்போது யாரும் பார்த்ததில்லை. 2009-இல் அதே குழுவினர் எலியில் கண்டுபிடித்தார்கள். இதுவும் அந்த ரகம்.

மோசர்களின் மூன்றாவது செல்லுக்கு வருவோம். ஹிப்போகேம்பஸுக்குப் பக்கத்து வீடு என்டோரைனல் கார்டெக்ஸ். அங்குள்ள ஒரு செல், எலி ஒரே இடத்துக்கு வரும்போது மட்டும் துடிப்பதில்லை. அறையில் பல இடங்களில் துடிக்கிறது. துடித்த இடத்திலெல்லாம் புள்ளி வைத்துப் பார்த்தால் இடுக்குப்புள்ளிக் கோலம்! நேர்ப்புள்ளி அல்ல. ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் அடுத்த வரிசைப் புள்ளி. எந்தப் புள்ளியை எடுத்தாலும் சுற்றிலும் சம தூரத்தில் ஆறு புள்ளி. எலி வெறுந்தரையில் ஓடுகிறது, தரையில் எந்தக் கோடும் இல்லை. புள்ளி முழுவதும் தலைக்குள். ஆங்கிலத்தில் கிரிட் என்கிறார்கள். நான் கோலச்செல் என்று சொல்லிப் பழகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலம் எங்கிருந்து வருகிறது? வளையத்தை இரண்டு பரிமாணத்துக்கு நீட்டினால் போதும் என்று சிலர் சொன்னார்கள். அதை நுணுக்கமாகச் செய்துகாட்டியவர்கள் யோரம் புராக், இலா ஃபியட் இருவரும், 2009-இல். வட்டத்துக்குப் பதில் செல்களின் விரிப்பு ஒன்று. அதே விதி: அருகே சலுகை, தொலைவில் அடக்குமுறை. எலி கிழக்கே நடந்தால் மேடு கிழக்கே நகரும். விரிப்பு முடிந்துவிட்டால்? வலது ஓரத்தை இடது ஓரத்தோடு ஒட்டுங்கள், குழாய் ஆகும். குழாயின் இரண்டு வாயையும் ஒட்டுங்கள், உளுந்து வடை ஆகும். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கணிதத்தில் அந்த வடிவத்தின் இலக்கணமே அதுதான். மேடு வடையின் மேற்பரப்பில் ஊர்கிறது. எலி நேராக நடக்க நடக்க மேடு வடையைச் சுற்றிக் கிளம்பிய செல்லுக்கே திரும்ப வரும். அதனால்தான் ஒரே செல் தரையில் சீரான இடைவெளியில் மறுபடி மறுபடி துடிக்கிறது.

இந்த மாதிரியும் கழுத்தை நீட்டியது: நூற்றுக்கணக்கான கோலச்செல்களை ஒரே நேரத்தில் பதிவுசெய்து, அவற்றின் கூட்டுத்துடிப்பு எந்த வடிவத்தில் அடங்குகிறது என்று பார்த்தால் வடைதான் கிடைக்க வேண்டும். எலி தூங்கினாலும் வடை கலையக்கூடாது, ஏனென்றால் அது இணைப்பில் இருப்பது, அறையில் இருப்பதல்ல. 2022-இல் மோசர் கூடத்தினர் அதைச் செய்தார்கள். வடை இருந்தது, தூக்கத்திலும் இருந்தது.

திரும்பத் திரும்ப வரும் புள்ளியை வைத்து இருக்கும் இடத்தை எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நம்மூர்க் கல்வெட்டுகள் நாளைக் குறித்த முறையை நினைத்துப்பாருங்கள். கிழமை ஏழு நாளுக்கு ஒருமுறை வரும். நட்சத்திரம் ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை. தனித்தனியே இரண்டும் நாளைச் சொல்லாது. வெள்ளியும் ரோகிணியும் சேர்ந்தால், அப்படிச் சேர்வது அரை ஆண்டுக்கு ஒருமுறைதான். திதியும் சேர்ந்தால் இன்னும் அரிது. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இதற்காகவே பெரும் அட்டவணைகள் போட்டுக் கல்வெட்டு நாள்களைக் கணித்தார். எலியின் மூளையிலும் கோலங்கள் பல அளவில் இருக்கின்றன. 2012-இல் மோசர் கூடம், அவை தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்திருப்பதையும், ஒரு கூட்டத்தின் இடைவெளி அதற்கு முந்தையதைவிடச் சுமார் 1.4 மடங்கு என்பதையும் காட்டியது. சின்னக் கோலம், பெரிய கோலம், அதைவிடப் பெரியது. எல்லாம் ஒன்றாகப் பொருந்தும் இடம் ஒன்றுதான். மூளை பஞ்சாங்கம் பார்க்கிறது என்று எழுதினால் நாளைப் பத்திரிகையில் தலைப்பாகிவிடும், அதனால் எழுதவில்லை.

எல்லா மாதிரியும் வென்றதில்லை. கோலச்செல்லுக்குப் போட்டி விளக்கம் ஒன்று இருந்தது, அழகில் குறைந்ததில்லை. சுருதி லேசாகப் பிசகிய இரண்டு தம்புராவை ஒன்றாக மீட்டினால் ஓசை எழுந்து எழுந்து அடங்கும். இயற்பியல் பாடத்தில் விம்மல் என்று படித்தது. எலி நடக்கும்போது ஹிப்போகேம்பஸ் நொடிக்கு எட்டு முறை அளவில் தீட்டா என்ற தாளத்தில் அசைகிறது. அந்தத் தாளத்தோடு வேகத்துக்கேற்பச் சுருதி மாறும் இன்னொரு தாளம் சேர்ந்து விம்முவதுதான் கோலப்புள்ளி என்றார்கள் நீல் பர்ஜெஸும் மற்றவர்களும். அப்படியானால் தீட்டாத் தாளம் இல்லாத இடத்தில் கோலம் இருக்கக்கூடாது. 2011-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் யார்ட்சேவ், மென்னோ விட்டர், நாகூம் உலனோவ்ஸ்கி மூவரும் வௌவாலில் பார்த்தார்கள். தொடர்ந்து ஓடும் தீட்டா இல்லை, கோலம் இருக்கிறது. விம்மல் மாதிரிக்கு அது பலத்த அடி. முழுதாகச் செத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தோற்பதற்கு ஒரு வாய்ப்பைத் தானே கொடுத்தது பாருங்கள், அதற்காக அதை மதிக்கிறேன்.

வௌவால் இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. அது பறக்கிறது; அதற்குத் தரைக்கோலம் போதாது. முப்பரிமாணத்தில் இடுக்குப்புள்ளி என்றால், பழக்கடையில் ஆரஞ்சை அடுக்கிவைத்திருப்பதுபோல இருக்க வேண்டும். இங்கே நம் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னை ஐஐடியின் வி. சீனிவாச சக்ரவர்த்தி, கார்த்திக் சோமன், அதே யார்ட்சேவுடன் சேர்ந்து 2018-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் முப்பரிமாணத்துக்கு ஒரு மாதிரி வெளியிட்டார்கள். இடச்செல், சுவரோரம் துடிக்கும் எல்லைச்செல், கோலச்செல் எல்லாம் அதில் தானாக முளைத்ததோடு, அதுவரை யாரும் விவரிக்காத, தளம் தளமாகத் துடிக்கும் ஒரு புதுச் செல்லும் முளைத்தது. 2021-இல் உலனோவ்ஸ்கியின் கூடம் பறக்கும் வௌவாலில் பதிவுசெய்த கோலச்செல்லோ, ஆரஞ்சு அடுக்காகவும் இல்லை, கண்டபடி கொட்டியதாகவும் இல்லை. கோணியில் கட்டிய எலுமிச்சைபோல: அடுத்தடுத்த பழங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒழுங்கு, மொத்த அடுக்கில் ஒழுங்கு இல்லை. வடை மாதிரி இங்கே அப்படியே செல்லுபடியாகாது. வேலை பாக்கி இருக்கிறது.

கடைசியாக, செயற்கை அறிவு. 2018-இல் டீப்மைண்ட் நிறுவனத்துக் குழுவினர், நடைக்கணக்கு போடக் கற்றுக்கொடுத்த செயற்கை நரம்பு வலையில் கோலச்செல்கள் தாமாகவே தோன்றின என்று அறிவித்தார்கள். பெரிய பரபரப்பு. நானும் வகுப்பில் சொல்லிப் பூரித்தவன்தான். 2022-இல் ரைலன் ஷேஃபர், மிகைல் கோனா, இலா ஃபியட் ஆகியோர் இப்படிப்பட்ட வலைகளை 11,000-க்கு மேல் பழக்கிப் பார்த்தார்கள். பெரும்பாலான வலைகள் நடைக்கணக்கை நன்றாகவே போட்டன, கோலம் வரவில்லை. செய்பவர் சில அமைப்புகளைக் குறிப்பாகத் தேர்ந்து வைத்தால்தான் வந்தது. விடைத்தாளைக் கேள்வித்தாளுக்கு அடியில் வைத்துக் கொடுத்துவிட்டு, பையன் தானாகவே எழுதினான் என்று சொல்வதுபோல. இது மோசடி அல்ல, அவசரம். அதற்குப் பிறகு என் வகுப்புக் குறிப்பில் அந்தப் பக்கத்தைத் திருத்தினேன்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அல்சைமர் நோய் மூளையில் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று என்டோரைனல் கார்டெக்ஸ். கோலச்செல் குடியிருக்கும் அதே பகுதி. நாற்பது ஆண்டு நடந்த தெருவில் ஒரு பெரியவர் வீடு தெரியாமல் நிற்பதை மறதி என்ற ஒரே பெயரில் அடக்குகிறோம். அதில் ஒரு பங்கு நடைக்கணக்கின் முறிவாக இருக்கலாம். மாதிரி மருந்தாகாது. ஆனால் எங்கே அளக்க வேண்டும் என்று சொல்லும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பழ ஈயின் முழு மூளையிலும் எந்தச் செல் எதனோடு இணைந்திருக்கிறது என்ற வரைபடம் 2024-இல் வெளிவந்துவிட்டது. ஏறக்குறைய 1,40,000 செல், 5 கோடிக்கு மேல் இணைப்பு. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதற்கு முன்பு, உங்கள் மடிக்கணினியில் 36 செல் வளையம் ஒன்றைச் செய்யுங்கள். ஐம்பது வரி நிரல் போதும். அருகே உசுப்பு, தொலைவில் அடக்கு. மேடு எழும். கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்து ஓடவிடுங்கள். மேடு நின்ற இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். நிரலில் பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பெரியப்பாவை மொட்டைப் பனைக்கு மூன்று முறை கூட்டிக்கொண்டு போனது அதுதான்.